நீ தண்ணீர் தெளித்த தூள்

பாய்,

முந்தாநாள் காலை கவரைப்பேட்டையில் என் கொட்டகை வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. மேலே மரத்தூள் மூட்டைகள். டிரைவர் இறங்குவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. நன்றாகக் காய்ந்த தூளுக்கு வாசனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, மூக்கை லேசாக அரிக்கும், அவ்வளவுதான். நனைந்த தூள் அப்படியில்லை. கழுவாத மோர்ப் பானையைத் திறந்தது போல ஒரு புளிப்பு. அது மூக்கில் ஏறியதும் எனக்கு உன் முகம் வந்தது. கூடவே கோபமும்.

“இன்னாப்பா, தண்ணி தெளிச்சியா?” என்றேன்.

“லேசா தான் பெரியவரே. மூட்ட கட்டும்போது பறக்குது, கண்ணுல வுழுது. மில்லுல எல்லாரும் தெளிக்கிறது தானே?”

அவன் மேல் தப்பில்லை. மர அறுவை மில்லில் வளர்ந்த கை அப்படித்தான் செய்யும். தூள் பறந்தால் பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான், எவனாவது பீடி நெருப்பைப் போட்டால் குவியலே எரியும், அதனால் ஒரு பக்கெட் தண்ணீர். ஆனால் அவன் சொன்ன அதே வார்த்தைகளை நான் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறேன். உன் வாயிலிருந்து, ரயிலில் எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய்.

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. செத்தவனிடம் என்ன கோபம் என்று என் மனைவி கேட்கிறாள். செத்தவனிடம்தான் கோபம் அதிகம். உயிரோடிருப்பவன் என்றைக்காவது வாய் திறந்து சொல்வான் என்று ஒரு எதிர்பார்ப்பாவது இருக்கும்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, இந்தக் கதை என் மூக்கில்தான் தொடங்கியது. பொன்னேரியில் உன் மில்லுக்கு எதிரே இருந்த டீக்கடை. கையகலத் துண்டு ஒன்றை என் முன்னால் போட்டாய். வெளிநாட்டிலிருந்து வந்த ஏதோ பெட்டியில் கிடைத்தது என்றாய். பார்க்க மரம், தட்டினால் மரமில்லை.

“நைனா, உன் மூக்கு பெரிய மூக்குனு கும்மிடிப்பூண்டில பேசிக்கிறானுங்க. இது மரமா பிளாஸ்டிக்கா, மோந்து சொல்லு பாப்போம்.”

நான் ஓர் ஓரத்தைச் சீவி, தீக்குச்சியால் கொளுத்தி, ஊதி அணைத்து முகர்ந்தேன். முதலில் மெழுகுவத்தியை அணைத்த வாசனை. அப்படியென்றால் பால் கவர் வகை. அதற்குப் பின்னால் அடுப்புக் கட்டை வாசனை.

“ரெண்டும் தான்,” என்றேன். “பாதிக்குப் பாதி. என் குப்பையும் உன் குப்பையும்.”

நீ தொடையில் தட்டிச் சிரித்தாய். உன் மில்லில் மலையாகக் குவிந்த தூளை என்ன செய்வது என்று உனக்குத் தெரியவில்லை. என் கொட்டகையில் பால் கவரும் உடைந்த குடமும் கூரை வரை இருந்தன. நீ உன் வாப்பா வைத்துவிட்டுப் போன மில்லின் முதலாளி. நான் திருப்பாச்சூரில் அடுத்தவன் நிலத்தில் ஏர் பிடித்தவனின் மகன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் பைப் கம்பெனிக்குள் துடைப்பத்தோடு நுழைந்தவன். மெஷின் ஓட்டுவதைப் பெருக்கிக்கொண்டே பார்த்துக் கற்றேன். எந்தப் பிளாஸ்டிக் எது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரித்து எரித்து, முகர்ந்து முகர்ந்து, நானே தெரிந்துகொண்டேன். பைப் துண்டு எரிந்தால் தொண்டை காந்தும், கண்ணில் நீர் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். கேனும் குடமும் அணையாமல் சொட்டுச் சொட்டாக ஒழுகும். பழைய பிளாஸ்டிக் வியாபாரத்தில் இது தெரிந்தவன் பேச்சுக்கு ஒரு மதிப்புண்டு. “அவரு மோந்து பாத்துட்டாரா? அப்போ ஏத்து” என்று லாரியில் ஏற்றுவார்கள். அதுதான் என் பட்டம்.

எட்டு மாதம் தோற்றோம். பழைய பைப் மெஷின் ஒன்றை என் கொட்டகையில் நிறுத்தினோம். சூடு கூடினால் தூள் கருகி வெல்லம் தீய்ந்த நாற்றம், சூடு குறைந்தால் பிளாஸ்டிக் உருகாது. நீ எப்போது வந்தாலும் ஒரே பேச்சு.

“தூளு பங்க ஏத்து நைனா.”

“ஏத்துனா உதிரும் பாய்.”

“உதிராது. உனக்கு மரத்தப் பத்தி இன்னா தெரியும்?”

“உனக்கு என் மெஷினப் பத்தி இன்னா தெரியும்? தள்ளி நில்லு.”

அந்த நாட்களில் நம் சண்டையைக் கேட்கவே பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அந்தச் சண்டையில் விஷமில்லை. அதை மறுக்க மாட்டேன்.

மெஷினுக்குள் கடுகு தாளிப்பது போல ஒரு வெடிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பலகை வெளியே வந்தால் உள்ளே குமிழ் குமிழாக ஓட்டை. ஒரு நாள் உடைந்த அலாரம் கடிகாரத்தின் வட்டக் கண்ணாடியை எடுத்தேன். ஒரு டம்ளரில் தூளைப் போட்டு, மெஷினின் சூட்டுப் பட்டை மேல் வைத்து, கண்ணாடியால் மூடினேன். சற்று நேரத்தில் கண்ணாடி வேர்த்தது. கையால் தொட்டால் காய்ந்ததாகத் தெரிந்த தூளுக்குள் அவ்வளவு தண்ணீர். அது ஆவியாகி வெளியேற வழி தேடித்தான் பலகையைத் துளைத்திருக்கிறது. அதற்குப் பிறகு தார்ப்பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, கண்ணாடி வேர்க்காத தூளை மட்டுமே போட்டேன். சத்தம் நின்றது. பலகை வந்தது.

முதல் பலகையிலேயே ஒரு குறை. உன் மில்லில் அறுத்த பழைய பெட்டி மரத்திலிருந்து ஓர் ஆணித் துண்டு, காந்தத்துக்கும் தப்பி வந்து, பலகை வெளிவரும் அச்சின் வாயில் கீறிவிட்டது. வருகிற பலகைகளிலெல்லாம் இடது ஓரத்திலிருந்து ஓர் அங்குலத்தில், மயிரிழை போல ஒரு மேடான கோடு. அரத்தை எடுத்தேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

“உடு நைனா. நம்ம மாட்டுக்கு சூடு போட்டா மாதிரி கெடக்கட்டும்.”

முதலில் வந்த இரண்டு பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு, “இது எனக்கு” என்று கிளம்பிவிட்டாய். எதற்கு என்று கேட்டேன். “எதுக்கோ” என்றாய். யாரிடமோ காட்டிப் பெருமையடிக்கத்தான் என்று நினைத்தேன்.

சுனாமி வந்த மறு வருடம் அத்திப்பட்டில் ஒரு காண்ட்ராக்டர் தொழிலாளர் குடியிருப்பு கட்டிக்கொண்டிருந்தார். உப்புக் காற்றில் மரக்கதவு நிற்காது. குளியலறைக்கு எல்லாம் நம் கதவு என்று முடிவானது. நம் முதல் பெரிய வேலை. மூன்று நாள் உன் மில் வளாகத்தில் தூளைக் காயவைத்தேன். கண்ணாடி வைத்துப் பார்த்து, “மூட்டை கட்டலாம்” என்று சொல்லிவிட்டு, நிலை அளவெடுக்க அத்திப்பட்டு போனேன். இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் நீயே மெஷினை ஓட்டிப் பலகைகளை அடுக்கிவிட்டாய். திரும்பி வந்து பார்த்தேன். மேல்தோல் கண்ணாடி போல இருந்தது. ஒன்றை அறுத்து உள்ளே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு. இந்தக் கடிதத்தில் என் தப்பு என்று நான் ஒப்புக்கொள்வது அது ஒன்றைத்தான்.

மூன்றே மாதம். கீல் பிடித்த இடத்தில் திருகாணி நிற்காமல் கதவுகள் கழன்று விழுந்தன. நம் இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினார்கள். காண்ட்ராக்டர், அவருடைய இன்ஜினியர், மேஸ்திரி, குடியிருப்பில் இரண்டு பெண்கள், வாட்ச்மேன். ஆறு பேர். அந்த ஆறு முகங்களும் எனக்கு இன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரு பெண் கை ஆட்டிச் சொன்னாள்:

“குளிச்சினு கீறேன், கதவு சாஞ்சிகினு வருது. அப்டியே கட்டிப் புடிச்சினு நின்னேன். கதவு என்னக் காப்பாத்துமா, இல்ல நான் கதவக் காப்பாத்துறதா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான்கூடச் சிரித்தேன். காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. “யாரு தப்பு?” என்றார். அப்போது நீ பேசினாய்.

“தூள்ல ஒன்னுமில்ல சார். பிளாஸ்டிக்கு தான் கலப்படம். பைப்பு கலந்துட்ச்சி, அதான் ஒட்டல. இவரு மூக்கால மோந்து பாத்து எடுக்கிறவரு. வயசாச்சு, மூக்கு போச்சு. நானும் நம்பிட்டேன்.”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட ஒரு மனிதன் சொன்னான் என்று இருந்திருக்கும்.

நான் விழுந்து கிடந்த கதவை முழங்காலில் வைத்து உடைத்தேன். உள்ளே தேன்கூடு போல ஓட்டைகள். “இது தண்ணி சார். ஆவி போன வழி. ஒரு துண்டக் கொளுத்துறேன், மோந்து பாருங்க, பைப்பு இருக்குதானு சொல்லுங்க” என்றேன். தீப்பெட்டியை எடுத்தேன். காண்ட்ராக்டர் என் கையைத் தட்டிவிட்டார்.

“யோவ் பெரியவரே, மோந்து பாக்கிறதுக்கா உன்ன வச்சிக்கிறாங்க? நாயி கூட தான் மோந்து பாக்கும்.”

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. நீ சிரித்தாயா என்று பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டுமா?

ரயிலில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மீஞ்சூர் தாண்டியது. பிறகு கேட்டேன்.

“மூட்ட கட்டும்போது தண்ணி தெளிச்சியா?”

“பறந்துச்சு நைனா. ஒரு பக்கெட்டு. மில்லுல எல்லாரும் தெளிக்கிறது தானே? கை பழக்கம். அங்க நீ கதவ ஒடச்சப்போ தான் எனக்கே தெரிஞ்சிச்சு.”

“நான் ஒடச்சதுக்கு அப்புறமும் நீ நின்னுகினு தானே இருந்த? அப்போ சொல்றது தானே?”

“எப்டி சொல்றது? மில்லு எங்க வாப்பா பேரு. மூணு தலமொற. அது கெட்டா எங்க ஊரு பழவேற்காட்டுல தல காட்ட முடியாது. பேஜாராப் பூடும். உனக்கு இன்னா போச்சு சொல்லு? படிப்பா, பட்டமா, போர்டா? நாலு நாளு பேசுவானுங்க. அப்பால மறந்துடுவானுங்க.”

பொன்னேரி வந்தது. இறங்கும்போது “வரேன் நைனா” என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நம் பேச்சு அங்கே முடிந்தது.

உனக்கு இன்னா போச்சு என்று கேட்டாயே, சொல்கிறேன் கேள். உன் வாப்பா உனக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார். என் அப்பா எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அவரை ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களே குறைவு. எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒருவன் பேச்சை நாலு பேர் நம்பினார்கள் என்றால் அது என் மூக்கை நம்பியதுதான். மூன்று தலைமுறைப் பெயரைக் காப்பாற்ற ஒரு தலைமுறைப் பெயரை எடுத்துப் போட்டாய். அது சின்னதாக இருந்ததால் உன் கண்ணுக்குத் தெரியவில்லை.

யாரும் மறக்கவில்லை, பாய். கும்மிடிப்பூண்டியில் என்னைக் கண்டால் வேண்டுமென்றே மூக்கை உறிஞ்சினார்கள். பதினைந்து வருடம் என்னிடம் சரக்கெடுத்தவன், “பெரியவரே, லேப் ரிப்போர்ட் வாங்கியாந்துடேன்” என்றான். ஒரு காகிதத்தில் எவனோ முத்திரை குத்தினால்தான் பால் கவர் பால் கவராம். நான் வாங்கவில்லை. அதனால் போன ஆட்கள் போகட்டும் என்று விட்டேன். பலகை போடுவதையும் நிறுத்தினேன். குடத்தையும் கவரையும் அரைத்து விற்றுப் பிழைத்தேன். மெஷின் மேல் சாக்கு போட்டு மூடிவைத்தேன். அந்தக் கண்ணாடியை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ ஆள் அனுப்பினாய். ரம்ஜான் மாதத்தில் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி. மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பினேன். அடுத்த வருடமும் வந்தது. அதையும் அனுப்பினேன். மூன்றாம் வருடம் நீயே வந்து கொட்டகைக்கு வெளியே நின்றாய். உன் சைக்கிள் பெல் எனக்குத் தெரியாதா? உள்ளே கிரைண்டரைப் போட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் நீ கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை என்று நீ நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக. கேட்டது. கஞ்சி வேண்டாம் எனக்கு. அத்திப்பட்டுக்கு வா, அந்த ஆறு பேரையும் கூப்பிடு, அவர்கள் முன்னால் “தண்ணி தெளிச்சது நான்” என்று சொல். ஐந்து வார்த்தை கூட ஆகாது. அதைச் செய்யாமல் கஞ்சி அனுப்பினால் எப்படி?

நீ போன செய்தி கேட்டுப் பழவேற்காடு வந்தேன். அழ வரவில்லை. நீ சொல்லாமலே போய்விட்டாய் என்பதை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ள வந்தேன் என்றுதான் வைத்துக்கொள். நான் வரும்போது உன்னைக் குளிப்பாட்டி முடித்துவிட்டிருந்தார்கள். வெளியே சுவரோரம், குளிப்பாட்டிய பலகையைக் கழுவிச் சாய்த்து வைத்திருந்தார்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பலகைகளைச் சேர்த்து அடியில் கட்டை கொடுத்துச் செய்தது. ஒவ்வொன்றிலும் இடது ஓரத்திலிருந்து ஓர் அங்குலத்தில் ஒரு கோடு.

நகத்தால் தடவிப் பார்த்தேன். என் அச்சு, உன் ஆணி. வீங்கவில்லை, உதிரவில்லை, ஒரு மூலை கூடப் பிரியவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் பக்கத்தில் வந்து நின்றார். வயதானவர். “இன்னா பாக்கிறீங்க?” என்றார்.

“இது எங்கேருந்து வந்துச்சு?”

“பாய் குடுத்தது தான். முன்ன இருந்தது மரம், தண்ணி குடிச்சு குடிச்சு மக்கிப் பூடும். இது வந்து அஞ்சு வருசம் இருக்கும், அப்டியே கீது. இந்த ஊர்ல எத்தினி மையித்து இதுல குளிச்சிட்ச்சி! இன்னிக்கு அவரே.” என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க கவரப்பேட்டையா?”

“ஆமா.”

“மூக்குக்காரரா?”

எனக்குச் சுருக்கென்றது. “யாரு சொன்னது அப்படி?”

“பாய் தான். ஒவ்வொரு மையித்துக்கும் இந்தப் பலகய எடுக்கும்போது சொல்லுவாரு. ‘இத பண்ண ஆளு மூக்கு தப்பாது ஹஜ்ரத், தப்புனது என் தண்ணி தான்’னு. இன்னா தண்ணி, இன்னா தப்புனு எங்களுக்குத் தெரியாது. ஆனா சொல்லுவாரு.”

“எத்தினி பேருகிட்ட சொல்லிக்கிறாரு?”

“இங்க எல்லார்கிட்டயும் தான்.”

“அத்திப்பட்டுல சொன்னாரா?”

அவர் விழித்தார். “அத்திப்பட்டுல யாரு?” என்றார்.

அங்கே என் கண் கலங்கியது என்றால் அது கோபத்தில்தான். சாவு வீட்டில் கோபத்துக்கும் அழுகைக்கும் வித்தியாசம் பார்க்க யாருக்கும் நேரமில்லை. யாரோ என் தோளைத் தட்டி, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டுக்கொள். நீ உண்மையைச் சொன்னாய், சரி. செலவில்லாத இடத்தில் சொன்னாய். என்னைத் தெரியாதவர்களிடம், தண்ணீர் என்றால் என்ன தண்ணீர் என்று புரியாதவர்களிடம், பிணத்தின் பக்கத்தில் நின்று சொன்னாய். எந்தக் காதுகளில் என் பெயரைப் போட்டு உடைத்தாயோ அந்த ஆறு பேரின் காதுக்கு அது போய்ச் சேரவில்லை, இனியும் சேராது. அந்தக் காண்ட்ராக்டர் எங்கே போனாரோ. அந்தப் பெண்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ. பாதிக் கடனைக் கூட நீ அடைக்கவில்லை. எல்லோரும் என்னை மன்னித்துவிடச் சொல்கிறார்கள். முடியாது. நான் மன்னித்தால் அன்றைக்கு அங்கே நடந்தது சின்ன விஷயம் என்று ஆகிவிடும்.

ஆனால் மோதினார் கிளம்பும்போது இன்னொன்று கேட்டார். இறந்த பெண்களைக் குளிப்பாட்டத் தனியாக ஒரு பலகை வேண்டுமாம். இதே போல, தண்ணீரில் ஊறாதது. “பாயும் இல்ல, யாரக் கேக்கிறதுனு தெரியல” என்றார். லேப் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் சரி என்றேன்.

அதற்குத்தான் அந்த மினி லாரி. நனைந்த தூள்தான் என்றாலும் இறக்கச் சொன்னேன். தார்ப்பாயில் பரப்பி, இரண்டு நாள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரையும் ஒரு சொம்புத் தண்ணீரோடு அந்தப் பக்கம் வரவிடவில்லை. என் மனைவி சாப்பாட்டுத் தட்டில் கை கழுவப் போனபோது அவளையும் விரட்டினேன். மெஷின் மேலிருந்த சாக்கை எடுத்து, அச்சைக் கழற்றித் துடைத்தேன். அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. அரத்தைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். தேய்த்தால் உன் ஆணி போய்விடும். உன் ஆணியோடு நான் செய்த பலகை நிற்கிறது, உன் தண்ணீரோடு நீ செய்தது நிற்கவில்லை. அது தெரிகிறாற்போல ஒரு கோடு இருக்கட்டும்.

இன்று மதியம் டம்ளரில் தூளைப் போட்டு, சூட்டுப் பட்டை மேல் வைத்து, சட்டைப் பையிலிருந்த கண்ணாடியால் மூடினேன். கால் மணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வேர்க்கவில்லை. பழக்கத்தில், “பாய், தள்ளி நில்லு, கையில தண்ணி இருக்குதா காட்டு” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் தூளை அள்ளிப் போட்டேன்.